இன்சியாட்: சொந்த நாடு இல்லாத ஒரு பள்ளி எப்படி முதல் வரிசைக்கு வந்தது?

கேள்வி இது: "இன்சியாட் என்ற ஐரோப்பிய மேலாண்மைப் பள்ளியைச் சிலர் ஹார்வர்டுக்கு நிகர் என்கிறார்கள். ஆனால் நம் ஊரில் பலருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. பத்து மாதத்தில் எம்.பி.ஏ. கொடுக்கும் பள்ளிக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது? அதன் வரலாறு என்ன? அந்தப் பெயர் எங்கே செல்லும், எங்கே செல்லாது? பிரான்சா, சிங்கப்பூரா என்று வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?"

தரவரிசைப் பட்டியலில் இருந்து தொடங்கினால் இந்தப் பள்ளி பாதிதான் புரியும் என்பது என் அனுபவம். அது எந்த வருடம், எந்த மாதிரி ஐரோப்பாவில், யார் மனதில் பிறந்தது என்று பார்த்துவிட்டு வந்தால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். அதனால் வரலாற்றைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கதை ஜார்ஜ் டோரியோ என்ற மனிதரிடம் ஆரம்பிக்கிறது. 1899-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பெஜோ நிறுவனத்தில் மோட்டார் வாகனங்களோடு வளர்ந்த பொறியாளர். கார் என்பதே புதுமையாக இருந்த காலத்தில் கார் பந்தயங்களில் கலந்துகொண்டவர். மகன் 1921-இல் அமெரிக்கா போனார். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் சேர்ந்து, பட்டம் முடிக்காமலேயே பிற்பாடு அங்கேயே பேராசிரியர் ஆனார். 1966-இல் ஓய்வு பெறும் வரை அவர் நடத்திய வகுப்புக்குப் பெயர் 'உற்பத்தி'. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு தொழிலை எப்படி நடத்துவது, மனிதர்களை எப்படி எடைபோடுவது என்று எல்லாமே அந்த வகுப்பில் வந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் தளவாடப் பிரிவில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்து வீரர்களின் உடை, உணவு, சாதனங்களை மேம்படுத்தும் வேலையைப் பார்த்தார். அப்புறம் வாழ்நாள் முழுவதும் எல்லோருக்கும் அவர் 'ஜெனரல் டோரியோ'தான்.

போர் முடிந்ததும் 1946-இல் பாஸ்டனில் ஏ.ஆர்.டி. என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் இவர். புது நிறுவனங்களில் துணிந்து பணம் போடுவதை இன்று வென்ச்சர் கேபிடல் என்று சொல்கிறோமே, அதன் முன்னோடிகளில் ஒன்று அது. 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற பெயர் தெரியாத கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டார்கள். அந்தப் பங்கு பின்னாளில் கோடிக்கணக்கான டாலராக வளர்ந்தது. அந்த 1957-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டோரியோவுக்கு ஒரு நெடுநாள் ஆசை இருந்தது. ஹார்வர்டில் நடப்பது போல, நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து வைத்துக்கொண்டு விவாதித்தே தொழில் நிர்வாகம் கற்பிக்கும் முறையைத் தன் பிறந்த நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது. 1930-லேயே பாரிஸ் வணிகச் சபையோடு சேர்ந்து அங்கே ஒரு பயிற்சி மையம் அமைய உதவினார். அது பணியில் இருக்கும் பிரெஞ்சு மேலாளர்களுக்கானது. போருக்குப் பிறகு அவர் நினைத்தது அதைவிடப் பெரியது. முப்பது வருடத்துக்குள் இரண்டு முறை ஒருவரை ஒருவர் கொன்று குவித்த நாடுகளின் இளைஞர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே கணக்கைப் போட்டு, ஒரே அணியில் வேலை செய்து பழகும் பள்ளி. பிரெஞ்சுக்காரருக்கென்று ஒரு பள்ளி, ஜெர்மானியருக்கென்று இன்னொன்று என்று இருந்தால் அது நடக்காது.

இதை நிலத்தில் இறக்கியவர்கள் ஹார்வர்டில் படித்துத் திரும்பிய இரண்டு இளைஞர்கள். ஒருவர் குளோத் ஜான்சென். மற்றவர் ஒலிவியே ஜிஸ்கார் தெஸ்தேன். 1974-இல் பிரான்சின் அதிபரான வலேரி ஜிஸ்கார் தெஸ்தேனின் தம்பி. பாரிஸ் வணிகச் சபை ஆதரவு கொடுத்தது. 1957-இல் பள்ளி முறைப்படி நிறுவப்பட்டது. அதே வருடம் மார்ச் மாதத்தில்தான் ஆறு நாடுகள் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கு அடித்தளம் போட்டன. எல்லை தாண்டி வியாபாரம் நடக்கப் போகிறது என்றால், எல்லை தாண்டி யோசிக்கும் நிர்வாகிகள் வேண்டும். அவர்களைத் தயாரிக்கும் இடம் எங்கும் இல்லை. பள்ளிக்குப் பிரெஞ்சில் வைத்த பெயரின் பொருள் 'வணிக நிர்வாகத்துக்கான ஐரோப்பிய நிறுவனம்'. அதன் எழுத்துகளைச் சேர்த்ததுதான் இன்சியாட். இன்று அந்த முழுப் பெயரைப் பள்ளியே பயன்படுத்துவதில்லை. ஐரோப்பாவையும் தாண்டிவிட்டதால் சுருக்கமே பெயராகிவிட்டது.

முதல் வகுப்பு 1959-இல் கூடியது. கட்டடம் கிடையாது. பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் அறுபது கிலோமீட்டரில் உள்ள ஃபோந்தேன்ப்ளோ அரண்மனையின் ஒரு பகுதியில்தான் பாடம் நடந்தது. பிரெஞ்சு மன்னர்கள் வேட்டைக்கு வந்து தங்கிய அரண்மனை அது. 1814-இல் நெப்போலியன் பதவி துறந்து தன் பழைய காவல் படையிடம் விடைபெற்றதும் அதன் முற்றத்தில்தான். அந்த ஊரைத் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. நேட்டோவின் மத்திய ஐரோப்பியப் படைத் தலைமையகம் 1950-களில் இருந்து அங்கேதான் இருந்தது. சிறு ஊராக இருந்தாலும், பல மொழி பேசும் வெளிநாட்டுக்காரர்கள் கடைத்தெருவில் நடமாடுவது அங்கே புதிதல்ல. பிரான்ஸ் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பில் இருந்து விலகியதால் 1967-இல் அந்தத் தலைமையகம் ஊரை விட்டுப் போனது. அதே வருடம் இன்சியாட் காட்டோரம் கட்டிய தன் சொந்த வளாகத்துக்குக் குடிபோனது. ஒரு ராணுவக் கூட்டணி போன ஊரில் ஒரு பள்ளி வேர் பிடித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

ஆரம்ப காலத்தில் சேருவதற்கே மூன்று மொழி தெரிய வேண்டும்: பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன். பாடமும் மூன்று மொழியிலும் நடந்தது. ஒரு பேராசிரியர் பிரெஞ்சில் விளக்க, மாணவர் ஜெர்மனில் பதில் சொல்வதும் சகஜம். போர் முடிந்து பதினான்கே வருடம் ஆன ஐரோப்பாவில் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலப்போக்கில் ஆங்கிலம் மட்டுமே பாட மொழியாயிற்று. ஆனாலும் வெளியே போகும்போது மூன்று மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பள்ளி நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

குறையையும் சொல்ல வேண்டும். முதல் எட்டு வருடம் இது ஆண்கள் மட்டுமே படித்த பள்ளி. பெண்களைச் சேர்த்தது 1967-இல்தான். ஹார்வர்டே தன் இரண்டு வருட எம்.பி.ஏ.வைப் பெண்களுக்கு 1963-இல்தான் திறந்தது என்பதால் காலத்தின் வழக்கம் என்று சிலர் சொல்வார்கள். நாட்டு எல்லைகளை உடைக்கவே பிறந்த பள்ளிக்கு இந்த எல்லை கண்ணில் படாமல் போனது என்னைப் பொறுத்தவரை பெரிய தவறுதான்.

இந்த இடத்தில் ஐரோப்பாவின் மற்றப் பள்ளிகளையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. 'ஐரோப்பிய வணிகப் பள்ளி' என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றின் பிறப்பும் வேறு. பாரிஸின் இ.எஸ்.சி.பி. 1819-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய வணிகப் பள்ளி என்று சொல்லிக்கொள்கிறது. அமெரிக்காவின் வார்ட்டன் பிறந்ததே 1881-இல்தான். அதே 1881-இல் பாரிஸ் வணிகச் சபை ஹெச்.இ.சி.யைத் தொடங்கியது. இவை பிரான்சின் பழைய மரபு: பள்ளி முடித்த இளைஞரைக் கடினமான நுழைவுத் தேர்வு வைத்து எடுத்து, நாட்டின் உயர்ந்த வட்டத்துக்குத் தயார் செய்வது. சுவிட்சர்லாந்தின் ஐ.எம்.டி.யின் வேர்கள் நிறுவனங்களில் உள்ளன. அலுமினிய நிறுவனமான ஆல்கன் 1946-இல் ஜெனீவாவிலும் நெஸ்லே 1957-இல் லோசானிலும் தங்கள் மேலாளர்களுக்காகத் தொடங்கிய இரண்டு பள்ளிகள் 1990-இல் ஒன்றாகி அது ஆனது. லண்டன் பிசினஸ் ஸ்கூலும் மான்செஸ்டர் பள்ளியும், பிரிட்டனுக்கு இரண்டு உயர்தர மேலாண்மைப் பள்ளிகள் வேண்டும் என்று 1963-இல் ஃபிராங்க்ஸ் அறிக்கை சொன்னதன் விளைவு. பார்சிலோனாவின் ஐ.இ.எஸ்.இ. 1958-இல் நவார்ரா பல்கலைக்கழகத்தின் பகுதியாக வந்தது. இன்சியாட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு அரசாங்கமோ, பல்கலைக்கழகமோ, ஒற்றை நிறுவனமோ இல்லை. வணிகச் சபையின் கைப்பிடியில் நடக்கத் தொடங்கி, தனித்து நிற்கக் கற்றுக்கொண்ட இலாப நோக்கற்ற தனியார் பள்ளி.

தனித்து நிற்பதில் சிரமமும் உண்டு, சுதந்திரமும் உண்டு. அரசு மானியத்தில் சாய முடியாது. இளநிலைப் படிப்பு இல்லாததால் கட்டணம் கட்ட ஆயிரக்கணக்கான பதினெட்டு வயது மாணவர்கள் கிடையாது. எம்.பி.ஏ., பணியில் இருக்கும் நிர்வாகிகளுக்கான குறுகிய பயிற்சிகள், நன்கொடை, இவற்றால்தான் வண்டி ஓட வேண்டும். நிர்வாகிகளுக்கான பயிற்சியை 1968-இலேயே தொடங்கிவிட்டார்கள். இன்று ஒரு வங்கியின் ஐம்பது மூத்த அதிகாரிகள் இரண்டு வாரம் அங்கே வந்து உட்காரும்போது, அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறது. சுதந்திரம் எதில் என்றால், யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியே போகலாம். இன்சியாட் போனது ஆசியாவுக்கு.

1980-இல் ஃபோந்தேன்ப்ளோவிலேயே ஐரோப்பா-ஆசியா மையம் என்று ஒன்றை அமைத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் ஜப்பானில் பல வருடம் வாழ்ந்துவிட்டு வந்த பேராசிரியர் ஆன்ரி-குளோத் தெ பெத்தின்யீ. ஜப்பானியக் கார்களும் தொலைக்காட்சிகளும் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழைந்து நிறுவனங்கள் திகைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆசியாவைப் பற்றிப் பாரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நாள் பேசுவது என்ற கேள்வி மெல்ல வந்திருக்க வேண்டும். போர்ச்சுகல்காரரான அன்டோனியோ போர்ஜஸ் டீனாக, அதாவது பள்ளியின் தலைவராக, இருந்தபோது சிங்கப்பூரில் முழு வளாகம் என்று முடிவாயிற்று. நடுவில் 1997-இன் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. தாய்லாந்து, இந்தோனேசியா, தென்கொரியா எல்லாம் ஆட்டம் கண்ட நேரம். பின்வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் பின்வாங்கவில்லை. 2000 ஜனவரியில் சிங்கப்பூர் வளாகம் திறந்தது.

இதைத் தனியாக எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் அரசு பல வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களை அழைத்தது. சிகாகோவின் பூத் பள்ளியும் 2000-இல் அங்கே வந்தது. பிறகு ஹாங்காங்குக்கு மாறிப் போனது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய சில மாதங்களிலேயே மூடிவிட்டது. இன்சியாட் மட்டும் சிங்கப்பூரைக் கிளையாக நினைக்கவில்லை. பேராசிரியர்கள் அங்கேயே வீடெடுத்துத் தங்கினார்கள். ஆராய்ச்சி அங்கேயே நடந்தது. மாணவர்கள் பாதிப் படிப்பை ஒரு கண்டத்திலும் மீதியை இன்னொரு கண்டத்திலும் படிக்கலாம் என்று ஆனது. பட்டம் ஒன்றேதான், எந்த வளாகம் என்று அதில் பிரித்துப் பார்ப்பதில்லை. 2001-இல் வார்ட்டனோடு கூட்டணி வைத்து மாணவர் பரிமாற்றம் தொடங்கியது. 2007-இல் அபுதாபியில் ஒரு மையம் வந்து 2010-இல் வளாகமாக வளர்ந்தது. 2020-இல் சான் பிரான்சிஸ்கோவில் சிறிய மையம் ஒன்றும் சேர்ந்தது.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். எம்.பி.ஏ.வுக்கு வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,000 பேர். சராசரி வயது 29 அளவில் இருக்கும். ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு வருபவர்களே அதிகம். படிப்பு ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு மாதம். இலையுதிர் காலத்தில் சேர்ந்தால் பத்து மாதத்தில் முடியும். ஜனவரியில் சேர்ந்தால் நடுவே கோடை இடைவெளி கிடைக்கும்; அதில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை செய்யலாம். "இரண்டு வருடப் படிப்பைப் பாதியாக வெட்டிவிட்டார்களா?" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அமெரிக்கப் பள்ளிகளின் இரண்டு வருடத்தில் நடுவே நீண்ட கோடை விடுமுறை உண்டு, பருவங்களுக்கு இடையே இடைவெளிகள் உண்டு. இங்கே மூச்சு விட நேரம் இல்லாமல் ஓட்டுகிறார்கள். நம் நாட்டில் 2001-இல் திறந்த ஹைதராபாத் மேலாண்மைப் பள்ளியான ஐ.எஸ்.பி.யும் ஒரு வருட முறையைத்தான் எடுத்துக்கொண்டது. அதனால் இந்த வடிவம் நமக்கு அந்நியமானதும் இல்லை.

ஆனால் இன்சியாட்டின் உயிர் பாடத்திட்டத்தில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அது படிப்புக் குழுவில் இருக்கிறது. சேர்ந்தவுடன் ஐந்து அல்லது ஆறு பேரைப் பள்ளியே ஒரு குழுவாகச் சேர்த்துவிடும். யாரோடு சேர்வது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பிரேசிலில் இருந்து வந்த பொறியாளர், லெபனானைச் சேர்ந்த வங்கிக்காரர், ஜெர்மானிய ஆலோசகர், ஜப்பானிய அரசு அதிகாரி, இந்திய மென்பொருள் மேலாளர் என்று வேண்டுமென்றே முரணாகக் கோத்துவிடுவார்கள். முதல் மாதங்களில் இவர்கள் ஒரே விடைத்தாளைச் சேர்ந்து எழுத வேண்டும். ஒருவர் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வார். இன்னொருவர் 'யோசிக்கலாம்' என்றால் அதற்குப் பொருளே 'இல்லை' என்பதுதான். ஒருவர் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வருவார், ஒருவர் அரை மணி கழித்து. இந்த உரசலில் கற்பதைப் புத்தகத்தில் கற்க முடியாது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வகுப்பில் எந்த நாட்டவரும் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. ஹார்வர்டு வகுப்பில் வெளிநாட்டவர் நிறைய இருந்தாலும் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள். அங்கே வெளிநாட்டவர் விருந்தாளி, வீடு அமெரிக்கருடையது. இன்சியாட்டில் 70-க்கும் மேற்பட்ட நாட்டவர் ஒரே வருடத்தில் படிப்பார்கள். அங்கே எல்லோருமே விருந்தாளிதான். அண்மை ஆண்டுகளில் இந்தியர்கள் பெரிய குழுக்களில் ஒன்று. அப்படியும் அறையை யாரும் ஆக்கிரமிக்க முடியாது.

டீன்களின் பட்டியலிலும் இதே குணம் தெரியும். போர்ஜஸ் போர்ச்சுகல்காரர் என்று சொன்னேன். 2006-இல் வந்த ஃபிராங்க் பிரவுன் அமெரிக்கர். 2011-இல் வந்தவர் அசாமின் தேஜ்பூரில் பிறந்து, கெல்லாக் பள்ளியின் டீனாக இருந்த தீபக் ஜெயின். 2013 முதல் பத்து வருடம் பல்கேரியாவின் இலியான் மிகோவ். 2023-இல் மறுபடி போர்ச்சுகலில் இருந்து ஃபிரான்சிஸ்கோ வெலோசோ. பிரான்சில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் இப்படி ஒரு வரிசையை அந்நாட்டின் பழைய உயர்கல்வி மரபில் எதிர்பார்க்கவே முடியாது.

ஆராய்ச்சிப் பக்கத்தில் நம்மோடு தொடர்புள்ள இரண்டு பேரைச் சொல்ல ஆசைப்படுகிறேன். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் படித்து, உலகம் கொண்டாடிய மேலாண்மைச் சிந்தனையாளராக உயர்ந்த சி.கே. பிரகலாத் மிச்சிகனில்தான் பேராசிரியராக இருந்தார். ஆனால் பன்னாட்டு நிறுவனங்களைப் பற்றிய அவருடைய தொடக்கக்கால முக்கிய ஆராய்ச்சியில் கூட்டாளி இன்சியாட்டின் ஈவ் தோஸ். தலைமையகம் ஒன்று சொல்கிறது, உள்ளூர் அரசாங்கமும் சந்தையும் இன்னொன்று கேட்கின்றன. நடுவில் நிற்கும் மேலாளர் என்ன செய்வது? இருவரும் ஆராய்ந்தது இந்தச் சிக்கலைத்தான்.

இன்னொருவர் கல்கத்தாவில் பிறந்து, இந்தியன் ஆயிலில் வேலை பார்த்து, பிறகு எம்.ஐ.டி.யிலும் ஹார்வர்டிலும் இரண்டு முனைவர் பட்டம் வாங்கிய சுமந்திர கோஷல். 1985 முதல் 1994 வரை இன்சியாட்டில் கற்பித்தார். அவர் பேசிய ஒரு உரை மேலாண்மை உலகில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் அவர் சொல்வது இது: வருடா வருடம் கோடையில் குடும்பத்தோடு கல்கத்தா போவேன். வெக்கையிலும் புழுக்கத்திலும் படுக்கையை விட்டு எழவே மனம் வராது. ஆனால் வசந்த காலத்தில் ஃபோந்தேன்ப்ளோ காட்டுக்குள் காலடி வைத்தால், மெதுவாக நடக்கலாம் என்று போனவனுக்கும் ஓடத் தோன்றும், துள்ளத் தோன்றும். ஆள் ஒருவனே, இடம்தான் வேறு. நிறுவனங்கள் தங்களுக்குள் கல்கத்தாக் கோடையை உண்டாக்கிவிட்டு, ஊழியர்கள் சோம்பேறிகள் என்று குறைப்படுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். மனிதனை மாற்றப் பார்க்காதே, அவன் வேலை செய்யும் சூழலை மாற்று என்ற இந்தக் கருத்து, பள்ளிக்கு வெளியே இருக்கும் அந்தக் காட்டின் காற்றில் இருந்து பிறந்தது. 2004-இல் சின்ன வயதிலேயே அவர் போய்விட்டது மேலாண்மைத் துறைக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு.

போட்டியே இல்லாத புதுச் சந்தையை உருவாக்குவது பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற சான் கிம்மும் ரெனே மொபோர்னும் இன்சியாட் பேராசிரியர்கள்தான். தலைவர்களின் மனதை உளப்பகுப்பாய்வு வழியாகப் பார்த்த மான்ஃப்ரெட் கெட்ஸ் தெ வ்ரீஸ், பண்பாட்டு வேறுபாடுகளை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்த எரின் மேயர் ஆகியோரும் அப்படியே.

சரி, தரவரிசை. ஃபைனான்சியல் டைம்ஸின் உலக எம்.பி.ஏ. பட்டியலில் 2016-இல் இன்சியாட் முதலிடம் பிடித்தது. ஒரு வருடப் படிப்பு அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. 2017-லும் 2021-லும் மறுபடி முதலிடம். மற்ற ஆண்டுகளிலும் முன்வரிசையை விட்டு அதிகம் இறங்கியதில்லை. அமெரிக்காவின் ஏ.ஏ.சி.எஸ்.பி., பிரஸ்ஸல்ஸின் ஈக்விஸ், லண்டனின் ஆம்பா ஆகிய, பள்ளிகளின் தரத்தைச் சோதித்துத் தரும் மூன்று அங்கீகாரங்களும் உண்டு. உலகில் ஆயிரக்கணக்கான மேலாண்மைப் பள்ளிகள் இருந்தும் மூன்றையும் வைத்திருப்பவை நூற்றுச் சொச்சம்தான்.

ஆனால் இந்தப் பட்டியல் எப்படிச் சமைக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு படியுங்கள். படித்து மூன்று வருடம் கழித்து என்ன சம்பளம், முன்பைவிட எவ்வளவு கூடியது என்பதற்கு அதில் பெரிய எடை உண்டு. போட்ட பணத்துக்கும் இழந்த சம்பளத்துக்கும் ஈடாக என்ன கிடைத்தது என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வருடப் படிப்புக்கு அது இயல்பாகவே சாதகம். பன்னாட்டு அனுபவத்துக்கும் மதிப்பெண் உண்டு. இன்சியாட் பிறந்ததே அதற்காகத்தான். சம்பளத்தை ஒவ்வொரு நாட்டின் வாங்கும் சக்திக்கு ஏற்ப மாற்றிக் கணக்கிடுவதால் இந்தியப் பள்ளிகளும் அதில் நல்ல இடம் பெறுகின்றன. ஆக, இந்த அளவுகோலில் இன்சியாட் மேலே வருவது நியாயமானதே. அளவுகோலை மாற்றினால் வரிசையும் மாறும். அமெரிக்காவின் யு.எஸ். நியூஸ் பட்டியலில் இன்சியாட்டைத் தேடினால் கிடைக்காது. அது அமெரிக்கப் பள்ளிகளை மட்டுமே வரிசைப்படுத்துகிறது.

பட்டியலைவிட எனக்கு நம்பிக்கை தருவது வேறு இரண்டு அளவுகோல்கள். யார் வேலைக்கு எடுக்கிறார்கள், படித்தவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்பவை. மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் ஆகிய மூன்று பெரிய ஆலோசனை நிறுவனங்களும் ஒவ்வொரு வருடமும் இங்கிருந்து கூட்டமாக ஆள் எடுக்கின்றன. சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி வகுப்பு ஆலோசனைத் துறைக்குப் போயிருக்கிறது. அழகுசாதன நிறுவனமான லோரியாலை உலக நிறுவனமாக வளர்த்த லிண்ட்சே ஓவன்-ஜோன்ஸ், ஐவரி கோஸ்டில் பிறந்து கிரெடிட் சுவிஸ் வங்கியின் தலைமை நிர்வாகியாக உயர்ந்த டிஜான் தியாம், எகனாமிஸ்ட் குழுமத்தை நடத்திய ஹெலன் அலெக்சாண்டர் எல்லோரும் இங்கே படித்தவர்கள். காரில் காலியாக இருக்கும் இருக்கையைப் பகிர்ந்துகொள்ளும் ப்ளாப்ளாகார் நிறுவனத்தின் ஃபிரெடெரிக் மசெல்லாவும்தான். பழைய மாணவர்கள் 60,000-க்கு மேல். எந்தப் பெரிய நகரத்துக்குப் போனாலும் ஒருவராவது இருப்பார்.

இனி, பெயர் எங்கே செல்லாது என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் குடியேறி, அங்கேயே வேலை தேடி, அங்கேயே வாழ்வதுதான் திட்டம் என்றால் இன்சியாட் சரியான கதவு இல்லை. ஆலோசனை நிறுவனங்களுக்கும் பன்னாட்டு வங்கிகளுக்கும் பெயர் தெரியும். ஒஹையோவில் இருக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்துக்குத் தெரியாது. துறையை முழுவதுமாக மாற்ற நினைப்பவர்களுக்குப் பத்து மாதம் குறைவு. மென்பொருளில் இருந்து முதலீட்டு வங்கிக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு பயிற்சி வேலை தேவைப்படும். அப்படியானால் ஜனவரிச் சேர்க்கையையே பாருங்கள். கட்டணம் ஒரு லட்சம் யூரோவைச் சுற்றி இருக்கிறது, தங்கும் செலவு தனி. கல்விக் கடன் வாங்கிப் போகிறவர், முடித்ததும் எந்த நாட்டில் வேலை, அங்கே விசா நிலவரம் என்ன என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். சொந்த நாடு இல்லாத பள்ளி என்பதன் மறுபக்கம் இது. லண்டனில் படித்தால் லண்டன் சந்தை வாசலிலேயே இருக்கும். ஃபோந்தேன்ப்ளோவின் வாசலில் இருப்பது காடு. வேலையை உலகம் முழுவதும் நீங்களேதான் தேடிப் போக வேண்டும்.

ஹார்வர்டுக்கு நிகரா என்ற கேள்விக்கு என் பதில்: ஆராய்ச்சியின் அகலம், பணபலம், பெயரின் வீச்சு இவற்றில் ஹார்வர்டு பெரியது. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஐரோப்பா, மத்திய கிழக்கு, தென்கிழக்கு ஆசியா என்று நாடு விட்டு நாடு போய் வேலை செய்யப் போகிறவருக்கு இன்சியாட் கொடுக்கும் தயாரிப்பை ஹார்வர்டு கொடுக்காது என்றே நினைக்கிறேன். ஹார்வர்டில் நாற்பது வருடம் வாழ்ந்த டோரியோவே தனியாக ஒரு பள்ளி வேண்டும் என்று நினைத்தாரே, அதற்குக் காரணமும் இதுதான்.

பிரான்சா, சிங்கப்பூரா என்பதற்கு: எங்கே சேர்ந்தாலும் நடுவில் வளாகம் மாற வாய்ப்பு உண்டு, இடம் கிடைப்பதைப் பொறுத்து. ஆசியாவில் வேலை வேண்டுமென்றால், வேலைக்கு ஆள் எடுக்கும் மாதங்களில் சிங்கப்பூரில் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தொடக்கத்தை ஃபோந்தேன்ப்ளோவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சிங்கப்பூரில் நம் சாப்பாடு கிடைக்கும், நம் மொழி ரயில் நிலையப் பலகையில் இருக்கும், சொந்தக்காரர் யாராவது இருப்பார். ஃபோந்தேன்ப்ளோவில் அந்த வசதி எதுவும் இல்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய வீட்டை நான்கு நாட்டுக்காரர்களோடு வாடகைக்கு எடுத்து, குளிரில் யார் விறகு வாங்குவது என்று பேசித் தீர்த்துக்கொண்டுதான் முதல் இரண்டு மாதம் போகும். குழு வேலைக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வசந்தம் வரும்போது கோஷல் சொன்ன காட்டில் ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டுங்கள்.